வீட்டிலேயே காருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க: ஒரே கதவை இரண்டு முறை அடித்தவன் சொல்வது

எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் மூன்றாவது தூண் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். ஆறு வருடம் அதற்கு மரியாதை கொடுத்துத்தான் வண்டி எடுத்தேன். போன வருடம் ஒரு நாள் கவனம் பிசகி, வேகன் ஆரின் இடப்பக்கப் பின்கதவு தூணில் உரசி உள்ளே போய்விட்டது. கூடவே பின் பம்பரின் மூலையும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேனலுக்கு 9,000 ரூபாய் என்றார்கள். வீடியோக்களைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டுகிறார்கள். நாமே செய்தால் என்ன என்று இறங்கினேன்.

இப்போது வண்டி நன்றாக இருக்கிறது. ஆனால் கதவை இரண்டு முறை அடிக்க வேண்டி வந்தது. முதல் முறை அடித்தது மூன்றே வாரத்தில் பொரித்த அப்பளம் மாதிரி கொப்பளித்துவிட்டது. எங்கே தப்பு நடந்தது என்று தேடித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில், இது வீட்டு வேலைதானா என்று பாருங்கள்

கீறல் மட்டும்தான் என்றால் விரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் பெயிண்டே தேவையில்லை. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கீறல் மறைகிறதா? அப்படியென்றால் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் மட்டும்தான் கீறல். அதற்கும் காம்பவுண்ட் போதும். நகம் மாட்டி, உள்ளே சாம்பல் நிற பிரைமரோ தகரமோ தெரிந்தால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

டென்ட், அதாவது நசுங்கல் இருக்கிறது, பெயிண்ட் உடையவில்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். பெயிண்ட் அடிக்காமலே உள்ளிருந்து கம்பி விட்டு நிமிர்த்துகிறவர்கள் சென்னை, கோவை மாதிரி ஊர்களில் இருக்கிறார்கள். கம்பெனியில் அடித்த பெயிண்டுக்கு ஈடாக வீட்டில் எதையும் அடிக்க முடியாது. அதைக் காப்பாற்ற வழி இருந்தால் காப்பாற்றிவிடுங்கள்.

கதவு, ஃபெண்டர், பானெட், பம்பர் ஆகியவற்றில் உள்ளங்கை அளவு டென்ட் வரை வீட்டில் தொடலாம். கதவுகளுக்கு இடையே நிற்கும் பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் படி, கூரை, சேஸிஸ் பக்கம் போகவே வேண்டாம். பாடியில் நீளமாக ஓடும் கோடு மடங்கியிருந்தாலும், கதவின் இடைவெளி மாறியிருந்தாலும் தகரம் நிமிர்த்தும் டிங்கரிடம் கொடுத்துவிடுங்கள். மூன்று அடுக்காக அடிக்கும் பேர்ல் வெள்ளைக்கும் அதுவே. வீட்டில் அந்த ஷேடு பொருந்தி நான் பார்த்ததில்லை.

2. இன்ஷூரன்ஸையும் ஆர்.சி.யையும் எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள்

உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். நீங்களே தேய்க்க ஆரம்பித்துவிட்டு, பாதியில் முடியாமல் போய் இன்ஷூரன்ஸில் கேட்டால், சர்வேயர் பார்ப்பதற்குச் சேதம் மிச்சம் இருக்காது. கிளெய்ம் அதோடு போயிற்று.

பாலிசியில் ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் எவ்வளவு, நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் போகும் ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 என்று அது ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000, போனஸ் 50 சதவீதம் என்று வையுங்கள். கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் 3,000 ரூபாய் தள்ளுபடி போகும். அதற்கு அடுத்த வருடங்களில் 1,800, 1,500, 900, 300. பிரீமியம் மாறவில்லை என்றால் மொத்தம் 7,500 ரூபாய். இது போக, 1500 சிசி வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,000 ரூபாய் கட்டாயம் நம் கையிலிருந்து. அதற்கு மேல் என்றால் 2,000. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுக்காத பாலிசி என்றால் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதித் தொகையும், பெயிண்ட் பொருளின் விலையில் பாதியும் கழித்துக்கொள்வார்கள். 9,000 ரூபாய் வேலைக்கு இது கட்டுப்படியாகாது. 30,000 ரூபாய் வேலை என்றால் யோசிக்காமல் கிளெய்ம் போடுங்கள். நோ கிளெய்ம் போனஸுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் கணக்கே வேறு, பாலிசியைப் படித்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். அதே நிறத்தில் அடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். இதுதான் சாக்கு என்று வண்டி நிறத்தையே மாற்ற நினைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52 குறுக்கே வரும். ஆர்டிஓவில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்த வேண்டும். வண்டி லோனில் இருந்தால் கடன் கொடுத்தவர் சம்மதமும் வேண்டும். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பு முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பது வழக்கம். அவர்களும் ஆர்.சி.யில் இருக்கும் நிறத்திலேயே அடித்துக்கொண்டு போவதுதான் நல்லது.

வண்டிக்கு இன்னும் கம்பெனி வாரண்டி ஓடுகிறது என்றால் பெயிண்ட், துரு சம்பந்தப்பட்ட பக்கத்தைப் படியுங்கள். வெளியே கைவைத்த பேனலுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கடைசியாக, தொடுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. நாளும் இடமும்

என் முதல் தோல்விக்குப் பாதிக் காரணம் ஐப்பசி. காலையில் வெயில் அடிக்கிறதே என்று ஆரம்பித்தேன். மதியம் கிளியர் அடித்துக்கொண்டிருந்தபோது தூறல் வந்தது. வண்டி ஷெட்டுக்குள்தான் இருந்தது, ஒரு சொட்டு மேலே விழவில்லை. ஆனால் காற்றில் ஈரம் ஏறியதுமே கிளியர் பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது. அதுதான் வெளுப்பு.

சென்னைக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை சரியான காலம். மார்கழியில் காலைப் பனி காய்ந்த பிறகு ஆரம்பிக்கலாம். போகியன்றும் அதற்கு முந்தின நாளும் வேண்டவே வேண்டாம்; ஊரே எரிக்கும் புகையும் சாம்பலும் உங்கள் கிளியரில்தான் வந்து உட்காரும். தீபாவளி வாரத்துக்கும் இதையே சொல்வேன். மே மாதத்தில் தகரம் கை வைக்க முடியாமல் சுடும். அந்தச் சூட்டில் பெயிண்ட் தகரத்தைத் தொடுவதற்குள் காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று நிற்கும்.

காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் கலர், கிளியர் இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அடித்தால் கொசு ஒட்டும்.

இடம் ரொம்ப முக்கியம். மேலே கூரை, இரண்டு பக்கம் திறப்பு, நேர் வெயில் படாத ஷெட் சரியாக இருக்கும். அடுக்ககப் பார்க்கிங்கில் அடிக்காதீர்கள். பம்பர் மூலைக்கு முதலில் அங்கேதான் ஸ்ப்ரே அடித்தேன். ஸ்ப்ரேயின் தூசி காற்றில் மிதந்துபோய், இரண்டு வண்டி தள்ளி நின்ற வெள்ளைக் காரின் பானெட்டில் படிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருடைய பானெட்டுக்கு நான் காம்பவுண்ட் போட்டேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வேலையெல்லாம் செங்கல்பட்டில் மாமனார் வீட்டு ஷெட்டில்.

ஷெட்டில் தரையை முந்தின நாள் இரவே கழுவிவிடுங்கள். அடிக்கப்போகும் நேரத்தில் மறுபடி லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. பூஜை விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னர் ஆவி தீப்பிடிக்கும்.

4. கலர் கோடும் கடைச் சாமானும்

“சில்வர் கலர்” என்று கேட்டு வாங்கினால் கட்டாயம் ஏமாறுவீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கம்பெனி ஒரு கோடு (குறியீடு) வைத்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் தகட்டிலோ, டிரைவர் கதவைத் திறந்தால் பில்லரில் இருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். மாருதியின் சில்க்கி சில்வர் என்றால் இசட்2எஸ். அந்தக் கோடைச் சொன்னால் கலர் மிக்ஸிங் கடையில் கலந்து ஸ்ப்ரே கேனிலேயே அடைத்துத் தருவார்கள். பத்து வருடம் வெயிலில் நின்ற வண்டி என்றால் கோடு மட்டும் போதாது. வண்டி நிறத்தில் இருக்கும் பெட்ரோல் டேங்கின் வெளிமூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். அதை வைத்து ஷேடு பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள்.

என் பில் இது: பள்ளத்தை நிரப்பும் பாலியெஸ்டர் பட்டி ஒரு கிலோ, அதை இறுகவைக்கும் ஹார்டனரோடு 420. உப்புத்தாளும், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரும் சேர்த்து 300. பிரைமர் ஒரு கேன் 380. கலர் இரண்டு கேன் 1,500. கிளியர் இரண்டு கேன் 960. மாஸ்கிங் டேப் மூன்று உருளை 210. மெழுகும் எண்ணெய்ப்பசையும் எடுக்கும் கிளீனர் 350. பசை போட்டு டென்ட் இழுக்கும் செட் 900. காம்பவுண்ட் 450. துணிகள் 250. இரட்டை ஃபில்டர் மாஸ்க் 1,900. ஆக மொத்தம் 7,620. ஒர்க்‌ஷாப் கேட்டது 9,000. மறுபடி அடிக்கக் கலர், கிளியர், பிரைமர் எல்லாம் புதிதாக வாங்கியதில் இன்னொரு 2,840 போயிற்று. அதாவது ஒர்க்‌ஷாப்பை விட எனக்கு 1,460 ரூபாய் அதிகம். மாஸ்க்கும் இழுக்கும் செட்டும் மிச்சம் இருக்கின்றன என்று வீட்டில் சொல்லிச் சமாளித்துக்கொண்டேன்.

மாஸ்க்கில் மட்டும் காசைப் பிடிக்காதீர்கள். என்95 தேய்க்கும் தூசிக்குத்தான். ஸ்ப்ரே ஆவியை அது நிறுத்தாது. ஆர்கானிக் வேப்பர் என்று போட்ட கார்ட்ரிட்ஜ் வேண்டும். கடையில் ஹார்டனர் கலந்து அடிக்கும் “டூ கே” கிளியர் எடுத்துக்கோங்க, பளபளப்பு நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைப் பிடித்தால் வாழ்நாள் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். வீட்டுக்கு ஹார்டனர் இல்லாத “ஒன் கே” கிளியர் போதும். அதற்கு ஒரு பலவீனம் உண்டு: பெட்ரோல் பட்டால் இளகும். அதனால் பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள்.

5. டென்ட் எடுப்பது

பிளாஸ்டிக் பம்பர் என்றால் அதிர்ஷ்டம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை டென்ட் மேல் ஊற்றி, உள்பக்கமிருந்து கையுறை போட்ட கையால் தள்ளினால் பெரும்பாலும் டப்பென்று வெளியே வந்துவிடும். உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். நம்பர் பிளேட்டை மட்டும் கழற்றாதீர்கள். உயர் பாதுகாப்பு பிளேட்டின் பூட்டு ஒருமுறை மாட்டினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் புது பிளேட்டுக்கு விண்ணப்பம் போட்டு அலைய வேண்டும். அதன் மேலேயே மாஸ்கிங் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தகரத்துக்கு ஹேர் டிரையர், ஐஸ் கட்டி வைத்தியமெல்லாம் நான் செய்து பார்த்தேன். ஐஸ்தான் கரைந்தது.

கதவு என்றால் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள சில கார்களில் கதவுக்குள் சென்சார் இருக்கும். அதனால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டுக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்புங்கள். அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தால் மழைக்காலத்தில் காருக்குள் தண்ணீர் வரும். மெதுவாக உரித்து, திரும்ப அப்படியே ஒட்டுங்கள்.

பசை இழுப்பானில் பசையைச் சூடாக்கி டென்டின் ஆழமான இடத்தில் ஒட்டி, ஆறியதும் இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வராது; எனக்குப் பதினேழு இழுப்பு ஆயிற்று. இழுக்க இழுக்க டென்டைச் சுற்றி ஒரு வரப்பு மாதிரி மேடு தெரியும். இழுத்துப் பிடித்தபடியே அந்த வரப்பை நைலான் சுத்தியலால் லேசாகத் தட்டி இறக்க வேண்டும். உள்ளிருந்து சுத்தியலால் ஓங்கி அடித்தால் தகரம் விரிந்துவிடும். விரிந்த தகரம் அழுத்தினால் உள்ளே, விட்டால் வெளியே என்று எண்ணெய் டின் மாதிரி டப்பு டப்பு என்று ஆடும். அதன் மேல் போட்ட பட்டி எதுவும் நிற்காது.

முழுக்கச் சமமாக வர வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் பட்டி நிரப்பும். மேடு இருந்தால் எதுவும் செய்ய முடியாது. சென்னை புதுப்பேட்டையில் உதிரி சாமான் வாங்கப் போனபோது ஒரு வயதான டிங்கர் சொல்லிக்கொடுத்தார்: “கண்ணை மூடிட்டு, கைக்கும் வண்டிக்கும் நடுவுல மெல்லிசாத் துணி வச்சுத் தடவுங்க சார்.” வெறுங்கைக்குத் தெரியாத மேடு பள்ளம் துணியோடு தெரிகிறது. ஏனென்று கேட்டேன், சிரித்தார்.

6. பட்டி

மாட்டைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைக்கிற மாதிரிதான் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். பள்ளத்தைக் கண்டால் அப்பி நிரப்பிவிடுகிறார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போட்டால் ஒரு வருடத்தில் விரிசல் விடும். வண்டியை விற்கப் போகும்போது காந்தம் வைத்துப் பார்க்கிறவனிடமும் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் 80 நம்பர் உப்புத்தாளால் டென்டையும் சுற்றிலும் நாலு விரல் அகலத்தையும் தகரம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். துரு ஒரு புள்ளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு கிளீனரால் துடையுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைக்காதீர்கள், எண்ணெய்ப்பசை அப்படியே தங்கிவிடும்.

எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர். எடைக்கணக்கில் நூற்றுக்கு இரண்டு. பழைய டைல்ஸ் துண்டின் மேல் வைத்து, தோசை மாவைக் கலக்குகிற மாதிரி அடித்துக் கலக்காமல், அழுத்தி அழுத்திக் குழையுங்கள். காற்றுக்குமிழி உள்ளே போனால் பிறகு ஊசித்துளை ஊசித்துளையாக வரும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், மேலே அடித்த பெயிண்டில் பிறகு கறை ஏறும். நம் வெயிலுக்கு நாலு நிமிடத்தில் இறுக ஆரம்பித்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பம்பருக்கு என்றால் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பட்டி தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அரை மணி நேரம் கழித்து 80 நம்பரில் உருவம் எடுத்து, 120, 180, 320 என்று படிப்படியாக நைசான தாளுக்குப் போங்கள். விரலால் தேய்க்கக் கூடாது. விரல் போன தடத்தில் வாய்க்கால் விழும். பழைய ஹவாய்ச் செருப்பின் அடியைச் செவ்வகமாக வெட்டி, அதில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தேன். கடையில் விற்கும் கட்டையை விட அது நன்றாக இருந்தது.

இனிதான் கதவு அப்பளமாகக் கொப்பளித்த கதைக்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் பட்டியின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும். பெயிண்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும். மூன்றாவது வாரம் கதவில் மிளகு அளவுக் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் குத்தினேன், தண்ணீர் கசிந்தது. எல்லாவற்றையும் தகரம் வரை சுரண்டி மறுபடி முதலிலிருந்து. பட்டியைக் காய்ந்த நிலையில்தான் தேய்க்க வேண்டும். தூசி பறக்கட்டும், மாஸ்க் இருக்கிறது அல்லவா. தண்ணீரெல்லாம் பிரைமருக்கு அப்புறம்தான்.

7. பிரைமர்

தகரம் வெளியே தெரிகிற நிலையில் இரவைக் கழிக்க விடாதீர்கள். கடற்கரை ஊர் என்றால் காலையில் செம்மண் மாதிரி துரு பூத்திருக்கும். அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட் (பூச்சு). வெறும் பிளாஸ்டிக் தெரியும் பம்பருக்கு, பிரைமருக்கு முன் பிளாஸ்டிக்குக்கான பிடிப்பு பிரைமர் ஒரு கோட். அதைத் தவிர்த்தால் முதல் தடவை பைக் உரசும்போதே பெயிண்ட் தோலாக உரியும்.

ஒரு இரவு காயட்டும். காலையில் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து பனி மாதிரி லேசாகத் தூவிவிட்டு 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். எங்கே சட்டென்று போய் அடியில் தகரம் தெரிகிறதோ அங்கே மேடு. பட்டி எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட்டு மறுபடி பிரைமர். சலிப்பாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டாவது முறை இந்த ஒரு கட்டத்துக்கே ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

8. மறைப்பதும் துடைப்பதும்

கலர் அடிப்பது பட்டி பார்த்த இடத்தில் மட்டும். கிளியர் அடிப்பது கதவு முழுக்க. அதனால் மிச்சமிருக்கும் பழைய பெயிண்டையும் 1000 நம்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்தாக வேண்டும். கைப்பிடி ஓரம், பீடிங் ஓரம் இங்கெல்லாம் பளபளப்பு மிஞ்சினால் அங்கிருந்துதான் கிளியர் உரிய ஆரம்பிக்கும்.

செய்தித்தாள் ஒரு தாள் போதாது, பெயிண்ட் ஊறி இறங்கும். பிரவுன் பேப்பர் வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு மூன்று தாளாக ஒட்டுங்கள். பார்சல் ஒட்டும் செலோ டேப் வேண்டாம், அதன் பசை வண்டியிலேயே தங்கிவிடும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்குக்கு அடியில் ஒரு கயிற்றைச் செருகினால் அது எழும்பி நிற்கும். பெயிண்ட் அடி வரை போகும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். பட்டியாலோ பெயிண்டாலோ அவற்றை அடைத்துவிடாதீர்கள். பம்பரில் பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் மேலும் டேப் ஒட்டுங்கள்.

டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் வரவே கூடாது. அவற்றில் இருக்கும் சிலிகான் துளி பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கும். கடைசியாக ஒருமுறை கிளீனரால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்.

9. கலர்

கேனுக்குள் குண்டு கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகும் மூன்று நிமிடம் குலுக்குங்கள். மெட்டாலிக் துகள் அடியில் தங்கியிருக்கும். ஒரு பழைய அட்டையில் பத்து முறை அடித்துப் பழகுங்கள். தூரம் ஒரு சாண். பேனலுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, நேராக இழுத்துக்கொண்டு போய், வெளியே விட வேண்டும். முந்தின வரியில் பாதியை அடுத்த வரி மூட வேண்டும். மணிக்கட்டை வீசி அரைவட்டமாக அடித்தால் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மெலிசாகவும் விழும். உடம்பே நகர வேண்டும்.

முதல் கோட்டில் பிரைமர் தெரியத்தான் செய்யும். மூட வேண்டும் என்று அள்ளி அடித்தால் வடியும். பத்து, பதினைந்து நிமிட இடைவெளியில் நாலு மெல்லிய கோட். ஒவ்வொரு கோட்டும் முந்தையதை விடக் கொஞ்சம் அகலமாகப் போய், ஓரம் பழைய பெயிண்டில் கரைய வேண்டும். சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் நிறத்தில் ஈரமாக அடித்தால் இருண்டும், உலர அடித்தால் வெளிறியும் தெரியும். கடைசிக் கோட்டை இரண்டு சாண் தூரத்திலிருந்து மென்மையாகத் தூவினால் திட்டுத் திட்டாகத் தெரிவது குறையும். இந்த நிலையில் பளபளப்பே இருக்காது, மங்கலாக இருக்கும். பயப்படாதீர்கள்.

10. கிளியர்

கலர் அடித்து அரை மணி நேரத்தில், தொட்டால் ஒட்டாத நிலையில் ஆரம்பிக்கலாம். கேனில் போட்டிருக்கும் நேரமே கடைசி வார்த்தை. முதல் கோட் மெலிசு, அடுத்த இரண்டும் ஈரம் மின்னும் அளவுக்கு. குனிந்து பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள்.

கொசு விழும். தொடாதீர்கள். வடியும். துடைக்காதீர்கள். இரண்டையும் பிறகு எடுத்துவிடலாம்; விரல் வைத்தால் கலர் வரை போய்விடும். நான் வைத்தேன்.

டேப்பை ஒரு மணி நேரத்துக்குள் உரித்துவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் கிளியரும் சேர்ந்து வரும்.

11. காத்திருப்பதும் பாலிஷும்

ஒரு வாரம் நிழலில் காயட்டும். பறவை எச்சம் விழுந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வடிந்த இடத்தையும் கொசுவையும் சொரசொரப்பையும் இதமாகத் தேயுங்கள். விளிம்புகளில் தேய்க்காதீர்கள், அங்கேதான் கிளியர் மெலிசாக இருக்கும். அப்புறம் காம்பவுண்ட், பாலிஷ். மெழுகு போடுவதற்கு ஒரு மாதமாவது விடுங்கள்.

நாள் கணக்கில் சொன்னால், முதல் சனி டென்ட் எடுக்க. ஞாயிறு பட்டியும் பிரைமரும். அடுத்த சனி பிரைமர் தேய்க்கவும் டேப் ஒட்டவும். ஞாயிறு காலை கலர், கிளியர். அதற்கு அடுத்த ஞாயிறு பாலிஷ். இடையில் வண்டி தேவைப்பட்டால் பிரைமரோடு ஓட்டலாம், மழையில் மட்டும் நனைய விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்திவிட்டு வைத்தால் நாசில் அடைக்காது. தின்னர் துடைத்த துணியைச் சுருட்டிச் சமையலறைக் குப்பையில் போடாமல், வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள். கேனில் மிச்சமிருந்த கலரை ஒரு காலி நெயில் பாலிஷ் பாட்டிலுக்குள் அடித்து, மூடியில் கலர் கோடையும் தேதியையும் எழுதி டாஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன். மூன்றாவது தூண் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.